ஏழு நாடு ஓடிய மார்ட்டின்ஸ்

(காட்சி: உவரி கடற்கரை, சாயங்காலம். வெறுங்காலோடு பையன்கள் கால்பந்து ஆடுகிறார்கள்.)

உவரி, கூடுதாழை, இடிந்தகரைப் பக்கம் ஆள் பிரிக்கும்போது எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வேகமாக ஓடுகிறவன் ஓரத்துக்கு, நெட்டையன் நடுவுக்கு. “ஏலே, நீ சைடுல ஓடு!” என்று அனுப்பிவிடுவார்கள். இந்தச் சட்டத்துக்கு அடங்காத ஒரு ஆள் நைஜீரியாவின் ஒபஃபெமி மார்ட்டின்ஸ். உயரம் 1.70 மீட்டர்தான். ஆனாலும் நடுவில் நின்றே கோல் அடித்தார். நைஜீரியாவுக்கு வெளியே ஏழு நாடுகளின் கிளப்களில் ஆடினார்.

1984-ல் லாகோஸில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே இத்தாலிக்குப் போனார்: முதலில் ரெஜியானா, அப்புறம் இன்டர் மிலான். 2003 மே மாதம், ஐரோப்பிய கிளப்களின் பெரிய போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் அரையிறுதியில் இரண்டாம் ஆட்டம், எதிரே ஏசி மிலான். மாற்று ஆட்டக்காரராக இறங்கிய இந்த 18 வயதுப் பையன் 84-வது நிமிடத்தில் கோல் போட்டு 1-1 ஆக்கினார். முதல் ஆட்டம் 0-0. ஆனாலும் வெளியே போனது இன்டர்தான். எதிரணி மைதானத்தில் அடித்த கோலுக்குக் கூடுதல் மதிப்பு என்று அப்போது ஒரு விதி இருந்தது. இரண்டாம் ஆட்டம் கணக்கில் இன்டரின் மைதானத்தில் நடந்தது, அதனால் மிலான் அடித்த கோலுக்குத்தான் அந்த மதிப்பு. இதில் கூத்து என்னவென்றால், இரண்டு அணிக்கும் சொந்த மைதானம் ஒரே சான் சிரோதான்!

(படம்: மைதானத்தின் பாதி, தடுப்பாட்டக்காரர்கள் ஒரே கோட்டில்.)

சரி, வேகத்தால் என்ன லாபம்? எதிரணியின் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி முன்னே நின்று பந்தை வாங்கினால் அது ஆஃப்சைடு என்ற தப்பு. அதைப் பார்ப்பது பந்து காலுக்கு வந்து சேரும்போது இல்லை, கூட்டாளி அதை உதைக்கும் நொடியில். அந்த நொடியில் மார்ட்டின்ஸ் கடைசித் தடுப்பாட்டக்காரரின் தோளை ஒட்டி நின்றால் போதும். அதற்குப் பிறகு முன்னே எவ்வளவு தூரம் போனாலும் தப்பில்லை. தடுப்பவர் திரும்பி ஓட வேண்டும், இவருக்கு முகமே கோல் பக்கம். அரை நொடி முந்தினால் கொடி தூக்கிவிடுவார்கள், பிந்தினால் வேகமே வீண். என்னைக் கேட்டால், அவர் கால்களைவிடப் பெரிய சொத்து எப்போது கிளம்புவது என்ற கணக்குதான்.

(வரைபடம்: கோடு ஊர் ஊராக நகர்கிறது.)

2006-ல் இங்கிலாந்தின் நியூகாசில். அந்த அணியின் பெரிய கோல்காரர் ஷியரர் ஓய்வு பெற்றதும் அவருடைய ஒன்பதாம் நம்பர் சட்டை இவருக்கு வந்தது. 2009-ல் ஜெர்மனியின் வொல்ஃப்ஸ்பர்க், அடுத்த வருடம் ரஷ்யாவின் ருபின் கசான், பிறகு ஸ்பெயினின் லெவான்டே. அமெரிக்காவின் சியாட்டிலில் 2014 சீசனில் 17 கோல் அடித்தார். 13 கோலுக்குப் பந்து எடுத்துக் கொடுத்தார். வெறும் ஓட்டக்காரனுக்கு இந்தப் பதிமூன்று வராது. 2016-ல் சீனா, முதலில் ஷாங்காய், கடைசியில் வூஹான்.

நடுவே விட்டுப்போனது 2011 பிப்ரவரி 27. ருபின் கசானிலிருந்து லோனில், அதாவது தற்காலிகமாக, இங்கிலாந்தின் பர்மிங்ஹாமுக்கு வந்திருந்தார். லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் இங்கிலாந்து லீக் கோப்பை இறுதி, ஆர்சனலோடு 1-1. 89-வது நிமிடம். நீளமாக வந்த பந்தை பர்மிங்ஹாமின் நெட்டையர் ஜிகிச் தலையால் தட்டுகிறார். ஆர்சனலின் கோஷெல்னியும் கோல்கீப்பர் ஷெஸ்னியும் ஒருவரையொருவர் குழப்பிக்கொள்ள, பந்து நழுவி மார்ட்டின்ஸ் காலடிக்கு வருகிறது. எதிரே காலி கோல். லேசாகத் தள்ளிவிட்டு, வழக்கம்போல் பல்டி அடித்துக் கொண்டாடினார்.

அந்த மே மாதமே பர்மிங்ஹாம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட்டது. கோப்பை வென்றதால் அடுத்த சீசன் யூரோப்பா லீக் என்ற ஐரோப்பியப் போட்டியிலும் ஆடியது. கோல் அடித்தவர் அதற்குள் கசானுக்குத் திரும்பியிருந்தார்.