நள்ளிரவு ஆட்டோபானில் இரண்டு அந்நியர்கள்

வணக்கம் நண்பர்களே. ஜெர்மனியில் இரவு நேரத்தில் முன்பின் தெரியாதவர்களைக் காரில் ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு, அண்மையில் எனக்கு நேர்ந்ததையே இன்று விடையாகச் சொல்கிறேன்.

அம்மாவைச் சென்னைக்கு வழியனுப்பிவிட்டு, மியூனிக் விமான நிலையத்திலிருந்து ஏ8 ஆட்டோபான் என்ற அதிவேக நெடுஞ்சாலை வழியாக ஸ்டுட்கார்ட் திரும்பிக்கொண்டிருந்தேன். உல்ம் நகருக்குக் கிழக்கே ஸெலிக்வைலரில் பெட்ரோல் போட நிறுத்தியபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. கோட்டும் டையும் அணிந்த, ஐம்பது வயது மதிக்கத்தக்க இருவர் அருகில் வந்தார்கள். கல்யாண விருந்திலிருந்து அழைத்துவந்த நண்பர் வழியில் சண்டை போட்டு இறக்கிவிட்டுப் போய்விட்டாராம். அவர் ஏன் போனார் என்பது எனக்குச் சிறிது நேரத்திலேயே விளங்கிவிட்டது.

ஆட்டோபானில் நடந்து செல்வதற்கே சட்டப்படி தடை இருப்பதால், சவாரி கேட்பவர்கள் இத்தகைய நிறுத்தங்களில்தான் காத்திருப்பார்கள். வெளிச்சமும் கல்லாவில் ஆளும் இருக்கும் அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் பேசி முடித்துவிட வேண்டும். இருவரும் பின்னால் உட்கார வேண்டும், புகைக்கக் கூடாது, ஸ்டுட்கார்ட் விமான நிலைய வாசலில் மட்டுமே இறக்கிவிடுவேன் என்றேன். வீடு போக டாக்ஸி பிடிக்க ஏற்ற இடம் அதுதான். இருவரும் தலையாட்டினார்கள்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒருவர் என் ஓட்டும் வேகத்தைக் குறை சொன்னார், நான் டாக்ஸி ஓட்டுபவரா என்று விசாரித்தார், பிறகு சிகரெட்டை எடுத்தார். மற்றவர் அவரைத் திட்ட, கல்யாண வீட்டுப் பழைய கணக்கெல்லாம் பின்னிருக்கையில் அரங்கேறியது. மெர்க்லிங்கன் தாண்டி டிராக்கென்ஸ்டைன் சரிவில் கார் இறங்கத் தொடங்கியபோது, திட்டிக்கொண்டிருந்தவர் வாந்தி வருகிறது, உடனே நிறுத்துங்கள் என்றார். 1930களில் மலையைக் குடைந்தும் செதுக்கியும் அமைத்த அந்த இறக்கத்தில் வளைவுகளும் சுரங்கமும் உண்டு, பழுதான வண்டி ஒதுங்கி நிற்க ஓரப்பாதை மட்டும் கிடையாது. பின்னால் லாரிகள் வந்துகொண்டிருக்கும்போது அங்கே நிறுத்துவது நால்வழிச் சாலையின் நடுவே பாய் விரிப்பதற்குச் சமம். அம்மா இட்லிப் பொடி கட்டிக்கொண்டு வந்த பிளாஸ்டிக் பையைப் பின்னால் நீட்டினேன். பை தன் கடமையைச் செய்தது.

அடிவாரத்தில் மியூல்ஹௌசனில் வெளியேறி, தெருவிளக்கின் கீழ் நிறுத்தினேன். இருவரையும் அங்கேயே விட்டுவிட்டால் என்ன என்ற எண்ணம் வந்ததை மறைக்கவில்லை. ஆனால், தன் பொறுப்பில் இருக்கும் ஒருவரை, தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாத நிலையில் கைவிட்டு உயிராபத்துக்கு உள்ளாக்குவதை ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 221-ஆவது பிரிவு குற்றமாகக் கருதுகிறது. குளிரில் தள்ளாடும் குடிகாரரைக் காரில் ஏற்றிய பிறகு, "அவர் எனக்கு யாரோ" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவது அத்தனை எளிதல்ல. மிரட்டலோ கைகலப்போ ஆகியிருந்தால் 110-ஐ அழைத்துக் காவலர் வரும்வரை காத்திருப்பதே வழி. மயங்கிவிட்டால் ஆம்புலன்ஸுக்கு 112.

தண்ணீர் குடித்துத் தெளிந்ததும், தங்கள் வீடு கிர்ஹைம் பக்கத்துக் கிராமத்தில்தான் இருக்கிறது, போகிற வழிதானே என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள். அன்றிரவு அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். ஆள் அரவமற்ற கிராமத்துச் சந்துகளில் அவர்கள் சொல்லும் திசையில் வண்டியைத் திருப்ப எனக்கு விருப்பமில்லை. பேசியபடி விமான நிலையத்திலேயே இறக்கினேன்.

ஒருவர் 50 யூரோத் தாளை நீட்டினார். வண்டி ஓடும் செலவுக்கு மேல் வாங்கினால் பயணிகள் போக்குவரத்துச் சட்டத்தின்படி உரிமம் தேவைப்படும் தொழிலாகிவிடலாம். ஏறக்குறைய 80 கிலோமீட்டருக்கான பெட்ரோலுக்கென்று 10 யூரோ மட்டும் வாங்கிக்கொண்டேன். மறுநாள் இருக்கையைக் கழுவியது தனிக் கதை.

வ்லாகர் ஆயிற்றே, அந்தக் காட்சி எங்கே என்று நீங்கள் கேட்கலாம். பிறர் தனிமையில் பேசுவதை அவர்கள் சம்மதமின்றிப் பதிவு செய்தால், இங்கே தண்டனைச் சட்டத்தின் 201-ஆவது பிரிவின்படி அபராதமோ மூன்று ஆண்டுகள் வரை சிறையோ கிடைக்கலாம். அதனால்தான் இந்தக் காணொளி முழுவதும் என் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.