பங்கு ஏறியும் வாரண்ட் இறங்குவது ஏன்? கிள்ளான் தம்பியின் கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்வி மலேசியாவின் கிள்ளானில் இருந்து வந்திருக்கிறது. உணவகத்தில் கல்லாவில் இருக்கும் நம்ம கீழக்கரைத் தம்பி. "காக்கா, வங்கி வெளியிட்ட ஒரு கால் வாரண்டை 6 காசு விலையில் 10,000 வாங்கினேன். அப்போது காலாவதிக்கு 4 மாதம் இருந்தது. எக்சர்சைஸ் விலை 3 வெள்ளி, விகிதம் 5க்கு 1. அன்றைக்குப் பங்கும் 3 வெள்ளிதான். இன்றைக்குப் பங்கு 3.02, வாரண்ட் 4 காசு. 2 மாதம் மிச்சம். பங்கு ஏறியும் எப்படி இறங்கும், ஏமாற்றுகிறார்களா? செலவைக் குறைப்பது எப்படி, எத்தனை நாள் வைத்திருக்கலாம்?" காக்கா என்றால் நம்ம ஊரில் அண்ணன்; வெள்ளி, காசு என்றால் மலேசிய ரிங்கிட்டும் சென்னும். சபரில், அதாவது வெளிநாட்டில் பிழைக்கப் போய் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கால் வாரண்ட் என்பது, காலாவதி நாளில் பங்கு ஒரு குறித்த விலைக்கு மேலே எவ்வளவு இருக்கிறதோ அந்த வித்தியாசம் பணமாக வரும் சீட்டு. அந்தக் குறித்த விலைதான் எக்சர்சைஸ் விலை. விகிதம் 5க்கு 1 என்றால் ஒரு பங்குக்கு ஐந்து வாரண்ட்.

தம்பி, யாரும் ஏமாற்றவில்லை. எனக்குப் பின்னால் ஒரு வள்ளத்தில் ஐஸ் ஏற்றுகிறார்கள், தெரிகிறதா? அந்த ஐஸுக்குக் காசு கொடுத்தாயிற்று. மீன் பட்டாலும் படாவிட்டாலும் அது கரையும். நீங்கள் கொடுத்த 6 காசு முழுக்க முழுக்க ஐஸ். பங்கு விலையும் எக்சர்சைஸ் விலையும் அன்றைக்கு ஒன்றாக இருந்ததால், அதில் மீன் ஒன்றுமே இல்லை, வெறும் காலத்துக்கான விலை.

அது கரையும் வேகம்தான் முக்கியம். பங்கு 3 வெள்ளியிலேயே நிற்கிறது என்று வையுங்கள். முதல் மாதத்தில் சுமார் 0.8 காசு போகும். இரண்டாம் மாதம் கிட்டத்தட்ட 1 காசு, மூன்றாம் மாதம் 1.2 காசு. மிச்சமிருக்கும் 3 காசும் கடைசி மாதத்தில் போய்விடும். பாதிப் பணம் கடைசி 30 நாளில் காலி. சனி, ஞாயிறு, பெருநாள், சீனப் புத்தாண்டு என்று சந்தைக்குத்தான் விடுமுறை, கரைவதற்கு இல்லை. இங்கே நம்ம கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கரையில் நிற்கும், வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் ஓடும் இல்லையா, அதே கதைதான்.

சரி, செலவு. எல்லாரும் புரோக்கரேஜை, அதாவது தரகுக் கூலியைத்தான் கேட்கிறார்கள். உங்கள் தரகர் குறைந்தபட்சம் 8 வெள்ளி எடுக்கிறார் என்று வைத்தால், வாங்க 8, விற்க 8, மொத்தம் 16. நீங்கள் போட்டது 600 வெள்ளி. இப்போது திரையைப் பாருங்கள். மலேசியப் பங்குச் சந்தையான புர்சா மலேசியாவில் 1 வெள்ளிக்குக் கீழே இருக்கும் விலை அரை காசு அரை காசாகத்தான் நகரும். விற்பவர் 6 கேட்டால் வாங்குபவர் அதிகபட்சம் 5.5 கொடுப்பார். வாங்கிய அடுத்த நிமிடமே விற்றால் 10,000 வாரண்டுக்கு 50 வெள்ளி நட்டம். புரோக்கரேஜைப் போல மூன்று மடங்கு! 5க்கு 1 விகிதத்தில், பங்கின் ஏற்றத்தில் சுமார் பத்தில் ஒரு பகுதிதான் இப்போது உங்கள் வாரண்டுக்கு வரும் என்பதால், அந்த அரை காசை மீட்கவே பங்கு சுமார் 5 காசு ஏற வேண்டும்.

அதனால்தான் 1 காசு, 2 காசு வாரண்டை மலிவு என்று வாங்காதீர்கள் என்கிறேன். 2 காசில் அரை காசு இடைவெளி என்றால் நாலில் ஒரு பங்கு போச்சு. 20 காசு வாரண்டில் அதே அரை காசு இரண்டரை சதவீதம்தான். தொகையும் அப்படித்தான். 200 வெள்ளிக்கு வாங்கினால் அந்த 16 வெள்ளி 8 சதவீதம், 2,000க்கு வாங்கினால் 0.8. பத்துத் தடவை துண்டு துண்டாக வாங்காமல் யோசித்து ஒரு தடவை வாங்குங்கள்.

விலையை எப்போதும் நீங்களே குறித்து லிமிட் ஆர்டர் போடுங்கள். வாரண்டை வெளியிட்ட வங்கியே வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும் திரையில் வைத்திருக்கும். சில சமயம் வங்கியின் கையிருப்பு தீர்ந்து, விற்கும் பக்கத்தில் பொதுமக்கள் மட்டும் நிற்பார்கள். அப்போது விலை பங்கை விட்டுத் தனியாகப் பறக்கும். அதில் ஏறாதீர்கள். காலை 9 மணி அடித்ததும் பாயவும் வேண்டாம், விலை நிலைப்படட்டும். மத்தியானம் 12.30 முதல் 2.30 வரை சந்தைக்கே இடைவேளை. உங்கள் கடையில் சோற்றுக்குக் கூட்டம் நிற்கும் நேரம், அந்த வகையில் உங்களுக்கு வசதிதான்.

அப்புறம் எத்தனை நாள் என்ற கேள்வி. என் பழக்கத்தைச் சொல்கிறேன். குறைந்தது 3, 4 மாதம் ஆயுள் உள்ளதை வாங்குவேன், அந்த ஆயுளில் மூன்றில் ஒரு பங்கு முடிவதற்குள் வெளியே வந்துவிடுவேன். பெரும்பாலும் இரண்டு வாரத்தைத் தாண்டாது. வாங்கும் அன்றைக்கே விற்கும் தேதியை நோட்டில் எழுதிவிடுவேன். கம்பெனியின் காலாண்டு லாப நட்ட முடிவை நம்பி வாங்கினால், முடிவு வந்த மறுநாளே கணக்கு முடிந்தது. ஒரு வருடத்தில் ஏறும் என்று நம்பினால் இந்த வகை வாரண்ட் எதற்கு? பங்கையே வாங்குங்கள்.

கம்பெனியே தன் பங்குக்கு வெளியிடும் வாரண்ட் வேறு வகை. 5 வருடம், 10 வருடம்கூட ஆயுள் இருக்கும், நிதானமாக வைத்திருக்கலாம். ஆனால் உங்களுடையது லாபத்தில் முடிந்தால் பணம் தானாகக் கணக்குக்கு வரும், கம்பெனி வாரண்டுக்கு நீங்களே படிவம் கொடுத்துப் பணம் கட்டி மாற்ற வேண்டும். நான் ஒரு தடவை தங்கச்சி கல்யாணத்துக்குக் கீழக்கரை வந்து இரண்டு மாதம் தங்கிவிட்டேன். கடிதம் மலேசியாவில் என் அறைக்குப் போய்க் கதவடியில் கிடந்திருக்கிறது. திரும்பிப் போய்ப் பார்த்தால் காலாவதி. நல்ல லாபத்தில் இருந்த வாரண்ட் பூஜ்யம். யாரையும் குறை சொல்ல முடியாது, தேதியை நான்தான் பார்க்கவில்லை.

ஊரில் இருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியாவில் குடியிருப்பவர் வெளிநாட்டு டெரிவேட்டிவ்களில், அதாவது வாரண்ட் போல வேறொன்றின் விலையைச் சார்ந்தவற்றில், பணம் போட ரிசர்வ் வங்கி விதி இடம் கொடுப்பதில்லை. மச்சான் கணக்கில் போடுகிறேன் என்று இறங்க வேண்டாம்.

இப்போது உங்கள் 10,000 வாரண்ட். 6 காசை மறந்துவிடுங்கள். இன்றைக்குக் கையில் 400 வெள்ளி இருந்தால், 2 மாதத்தில் பங்கு 3.20ஐத் தாண்டும் என்று நம்பி இதையே 4 காசுக்கு வாங்குவீர்களா? கடைசி வரை வைத்திருந்தால் 3.20தான் இந்த 4 காசுக்குச் சரிக்குச் சரி, பழைய 6 காசு திரும்ப வேண்டுமானால் 3.30. இப்போதைய 3.02லேயே முடிந்தால் கையில் வருவது 0.4 காசு, 10,000க்கு 40 வெள்ளி. வாங்க மாட்டேன் என்று மனசு சொன்னால், நாளைக்கு 4 காசுக்கு லிமிட் ஆர்டர் போட்டு விற்றுவிடுங்கள் தம்பி. 392 வெள்ளி கைக்கு வரும்.