கடல் கடந்த தர்மம்

நடுவர் அவர்களே, காரைக்குடிப் பெருமக்களே, வணக்கம்.

எல்லோரையும் அரவணைத்து ஓர் ஊர் நிலைத்து வாழ, உலகத் தொண்டு நிறுவனங்களின் துணையும் வேண்டும் என்பது எங்கள் அணியின் கட்சி. எதிரணி நண்பரோ, "காசியிலே சத்திரம் வைத்த செட்டிநாட்டுக்கு வெள்ளைக்காரனா வந்து தர்மம் சொல்லித் தருவது?" என்று கேட்டுக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார். காசியில் நகரத்தார் நாம் சத்திரம் தொடங்கியபோது அந்த ஊருக்கு நாம் யார் ஐயா? பினாங்கிலும் இரங்கூனிலும் கோயில் எழுப்பியபோது நாம் மண்ணின் மைந்தர்களா? நாம் கடல் கடந்தால் தர்மம், அடுத்தவர் கடந்து வந்தால் தலையீடா?

என் அப்பத்தாவுக்கு இரு கண்ணிலும் புரை. கண் சிகிச்சை முகாமுக்கு வந்த வேனில் மதுரைக்குப் போய், கண்ணுக்குள் லென்ஸ் வைத்துத் திரும்பினார். எங்கள் வளவு வீட்டுக்குள் நுழைந்ததும் பேரன் என்னைப் பார்ப்பார் என்று நின்றேன். அவர் பார்த்தது தூணை! "இந்தத் தேக்குத் தூணை எத்தனை வருசமாய்த் துடைக்கவில்லை?" என்றார். அடுத்தது முற்றம், அடுத்தது இரண்டாங்கட்டு, அடுத்தது என் அம்மா வைத்த குழம்பின் நிறம்! பார்வை வராதா என்று நேர்ந்துகொண்ட அதே அம்மா, அந்த வாரம் முழுவதும் துடைப்பமும் கையுமாகத்தான் இருந்தார்.

அந்த லென்ஸின் கதையைக் கேளுங்கள். 1976-இல் மருத்துவர் வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு மதுரையில் தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. அன்று இறக்குமதி லென்ஸ் ஏழைக்கு எட்டாத விலை. அமெரிக்காவில் 1978-இல் பிறந்த சேவா அறக்கட்டளை, லென்ஸை மட்டும் தானமாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை, அதைச் செய்யும் தொழில்நுட்பம் மதுரைக்கு வரத் துணைநின்றது. 1992-இல் லென்ஸ் செய்யும் ஆரோலேப் நிறுவனம் மதுரையிலேயே உருவாகி, விலை பன்மடங்கு சரிந்தது. இன்று மதுரை லென்ஸ் உலக நாடுகளுக்குப் போகிறது. வாங்கிய கை கொடுக்கும் கையாக மாறியிருக்கிறதே, நிலைத்த வளர்ச்சிக்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

நடுவர் அவர்களே, அப்பத்தா போன வேனில் எங்கள் வீட்டுப் பத்துப் பாத்திரம் தேய்த்த அம்மாளும் போனார். எங்கள் வளவில் ஆயுள் முழுவதும் திண்ணையைத் தாண்டி உட்கார்ந்தறியாதவர். மதுரையில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துப் பாய், ஒரே சாப்பாடு, ஒரே லென்ஸ். ஊர் திரும்பிய பிறகு தன் பேத்தியின் முகத்தைக் கையால் தடவாமல் கண்ணால் பார்த்து அந்தத் தாய் அழுதாரே, அந்தக் கண்ணீரிடம் போய், "லென்ஸுக்கு உதவியவர் எந்த நாட்டுக்காரர்?" என்று எதிரணி கேட்கட்டும். அதன் பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.