வாளைக் கழற்றிவிட்டு வாருங்கள்! ஒரு கச்சேரி, ஒரு ஓவியம், ஆயிரக்கணக்கில் நிதி

[திரையில்: பழைய செய்தித்தாள்]

வணக்கம் நண்பர்களே. 1742, டப்ளின் நகரம். செய்தித்தாளில் ஒரு வேண்டுகோள் வருகிறது. கச்சேரிக்கு வரும் பெண்கள் பாவாடைக்குள் வளையம் வைக்காமல் வர வேண்டுமாம். ஆண்கள் இடுப்பில் வாள் இல்லாமல் வர வேண்டுமாம்.

எதற்கு? அந்தக் காலத்துச் சீமாட்டிகளின் பாவாடை, இடுப்பின் இரண்டு பக்கமும் கூடையைக் கவிழ்த்தது போலப் புடைத்து நிற்கும். ஒருவர் உட்கார்ந்தால் பக்கத்து இடமும் போச்சு. வாளும் அப்படித்தான், பக்கத்தில் இருப்பவர் முழங்காலைப் பதம் பார்க்கும். இரண்டும் இல்லாவிட்டால் இன்னும் பல பேர் உட்காரலாம், தர்மத்துக்குப் பணம் கூடும். அறிவிப்பிலேயே இந்தக் காரணத்தைச் சொல்லித்தான் கேட்டார்கள். 600 பேர் கொள்ளும் அரங்கில் 700 பேர் வந்தார்கள்! ஏறத்தாழ 400 பவுண்டு சேர்ந்தது. அதில் ஒரு பங்கைக் கொண்டு, கடனைக் கட்ட முடியாமல் சிறையில் கிடந்த 142 பேரை வெளியே கொண்டு வந்தார்கள். மீதி இரண்டு மருத்துவமனைகளுக்கு.

நிதி திரட்டுவது பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன். இவ்வளவு எளிமையான யோசனையை வேறு எங்கும் பார்க்கவில்லை. யாரிடமும் கூடுதல் காசு கேட்கவில்லை. இடத்தைத்தான் கேட்டார்கள்.

அன்று அரங்கேறிய இசை ‘மெசையா’. அமைத்தவர் ஹாண்டல். அவரை லண்டனில் மறுபடி பார்ப்போம். அதற்கு முன் ஒரு கப்பல்காரரைப் பார்த்துவிடலாம்.

தாமஸ் கோரம். வயதான மாலுமி. லண்டன் தெருவோரங்களில் வீசப்பட்டுக் கிடந்த குழந்தைகளைப் பார்த்து மனம் பொறுக்காமல், அவர்களுக்கு ஒரு இல்லம் வேண்டும் என்று 17 வருடம் வீடு வீடாக ஏறி இறங்கினார். பிரபுக்கள் அசையவில்லை. பிரபுக்கள் வீட்டுப் பெண்களிடம் போனார். 21 பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள், காற்று திசை மாறியது. 1739இல் அரசரின் அனுமதி கிடைத்தது. அதுதான் ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிட்டல். ஹாஸ்பிட்டல் என்று பெயர், வேலை குழந்தைகளை வளர்ப்பது.

சரி, பணம்? இங்கேதான் ஓவியர் வில்லியம் ஹோகார்த் வருகிறார். பிள்ளையில்லாதவர். இல்லத்துக் குழந்தைகளின் சீருடையை வடிவமைத்ததே அவர்தான். தானும் ஓவியம் கொடுத்தார், சக ஓவியர்களையும் கொடுக்க வைத்தார். காசு இல்லாத கலைஞனிடம் காசு கேட்காமல், அவன் கையில் என்ன இருக்கிறதோ அதைக் கேட்டார். ஓவியம் பார்க்கக் கூட்டம் வந்தது. வந்தவர்கள் குழந்தைகளையும் பார்த்தார்கள். பார்த்த பிறகு கை தானாகப் பைக்குள் போகும் அல்லவா?

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். 1750, ஏப்ரல் 30. லண்டனுக்கு வடக்கே இருக்கும் ஃபிஞ்ச்லிக்குப் படை கிளம்பும் காட்சியை ஹோகார்த் ஓவியமாக வரைந்திருந்தார். அதன் அச்சுப் பிரதியை வாங்குபவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் ஒரு குலுக்கல் சீட்டு, பரிசு அசல் ஓவியம். 1,843 சீட்டு விற்றது. மிஞ்சிய 167ஐ இல்லத்துக்கே கொடுத்துவிட்டார். குலுக்கினார்கள். பரிசு விழுந்தது இல்லத்தின் சீட்டுக்கு!

மறுநாள் மே 1. இல்லத்தின் தேவாலயத்தில் ஹாண்டலின் ‘மெசையா’. இடம் கிடைக்காமல் அத்தனை பேர் திரும்பிப் போனதால், அதே மாதம் 15ஆம் தேதி இன்னொரு முறை நடத்தினார்கள். அப்புறம் ஆண்டுதோறும் நடந்தது. மொத்தம் ஏறத்தாழ 7,000 பவுண்டு. தேவாலயத்துக்கு ஆர்கன் என்ற பெரிய இசைக்கருவியையும் ஹாண்டலே கொடுத்தார். இறந்த பிறகு அந்த இசையின் பிரதி ஒன்றும் உயில்படி இல்லத்துக்கே போய்ச் சேர்ந்தது.

இந்தப் பணம் எவ்வளவு அவசரம் என்பதற்கு அங்கே நடந்த இன்னொரு குலுக்கலைச் சொல்ல வேண்டும். இடத்தை விடக் குழந்தைகள் அதிகம். அதனால் தாய்மார்கள் ஒரு பைக்குள் கையை விட்டு ஒரு பந்தை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் குழந்தைக்கு இடம். சிவப்பு வந்தால் காத்திருக்க வேண்டும். கறுப்பு வந்தால் குழந்தையோடு திரும்பிப் போக வேண்டும். கச்சேரியில் விற்ற ஒவ்வொரு டிக்கெட்டையும் அந்தப் பையோடு சேர்த்துத்தான் என்னால் நினைக்க முடிகிறது.

இன்றைக்குச் சின்னக் கலை அமைப்புகள் நடத்தும் உதவிக் கச்சேரி, ஓவிய ஏலம், பரிசுக் குலுக்கல் எல்லாமே இவர்கள் அன்றே செய்து பார்த்தவை. நீங்கள் அப்படி ஒரு அமைப்புக்காக நாற்காலி போட்டு, டிக்கெட் கிழித்து, கணக்கு எழுதியவரா? கமெண்ட்டில் எழுதுங்கள், ஒன்று விடாமல் படிப்பேன்.

கோரம் என்ன ஆனார்? நிர்வாகிகளோடு மனஸ்தாபம் வந்து, தான் உருவாக்கிய இல்லத்தின் குழுவிலேயே 1742இல் இடம் இழந்தார். ஆனாலும் குழந்தைகளைப் பார்க்க வருவதை விடவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு ஞானத்தந்தை அவர்.

[திரையில்: ஹோகார்த் வரைந்த கோரம்]

லண்டன் ஃபவுண்ட்லிங் மியூசியத்தில் இந்தப் படம் இருக்கிறது. சிவப்புக் கோட்டு. பொய்முடி இல்லை, சொந்த நரைமுடி. கையில் அரசரின் முத்திரை. அப்படியே கீழே வாருங்கள். அத்தனை பெரிய நாற்காலியில், கால் தரையில் பட்டும் படாமலும் இருக்கிறது பாருங்கள்.