எருக்கம்பாலைக் குடிக்கிற புழு

வணக்கம் நேயர்களே. ரயில்வே லைன் ஓரம், சுடுகாட்டுப் பக்கம், காலி மனைன்னு எங்க பார்த்தாலும் நிக்குதே எருக்கஞ்செடி, பிள்ளையாருக்கு மாலை கட்டுறோமே, அதப் பத்திதான் பேசப்போறேன். இலையக் கிள்ளினா பொலபொலன்னு பால் வரும், அது கண்ணுல பட்டா பார்வையே மங்கிடும், பிள்ளைங்கள கிள்ளி விளையாட விடாதீங்க, இத முதல்லயே சொல்லிடுறேன்.

அந்தப் பால்ல கார்டினோலைடுன்னு ஒரு விஷம் இருக்கு. நம்ம உடம்போட ஒவ்வொரு செல்லுலயும் சோடியத்த வெளிய தள்ளி பொட்டாசியத்த உள்ள இழுக்குற ஒரு பம்பு இருக்கு, விஷம் அதுல போய் அடைச்சுக்கும், இதயத் துடிப்பு தாறுமாறாயிடும். செடி யோசிச்சு இதச் செய்யல. விஷம் கொஞ்சம் கூடுதலா இருந்த செடிய பூச்சி கம்மியா கடிச்சுது, அது நிறைய விதை விட்டுச்சு, அப்படியே தலைமுறை தலைமுறையா ஏறி வந்ததுதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுக்கப்புறம்தாங்க. வெந்தய வரியன்னு ஆரஞ்சு கலர்ல ஒரு வண்ணத்துப்பூச்சி, அது எருக்கு இலையிலயே தேடிப் போய் முட்டை போடும். புழு என்ன பண்ணும்னா முதல்ல நரம்பக் கடிச்சு பாலை வடிய விடும், பால் வரத்து குறைஞ்சதும் நுனிப் பக்கமா நிதானமா மேயும், ஒரு சாயங்காலம் செடிகிட்ட நின்னு பாருங்க, அவ்ளோ அழகா இருக்கும். தின்ன விஷத்த உடம்புலயே சேர்த்தும் வச்சுக்கும், கொத்திப் பார்த்த பறவை அடுத்த தடவ கிட்ட வராது. செடி தன்னக் காப்பாத்த வச்சிருந்த விஷம் இப்போ பூச்சியக் காப்பாத்துது! புழுவும் யோசிச்சு செய்யல, திரும்பவும் சொல்றேன், யாரும் யோசிக்கல.

இந்த வெந்தய வரியனோட அமெரிக்கச் சொந்தம் மோனார்க் வண்ணத்துப்பூச்சி. அதோட பம்புல மூணு இடத்துல மாற்றம் இருக்கு, அதனால விஷம் அதுல லேசுல அடைக்காது. 2019ல அமெரிக்காவுல பெர்க்லி பல்கலைக்கழகத்துல நோவா வைட்மன்ங்கிற விஞ்ஞானியோட குழு அந்த மூணு மாற்றத்தையும் சாதாரண பழ ஈக்குள்ள, மரபணுவ வெட்டித் திருத்துற கிரிஸ்பர்ங்கிற முறைய வச்சுப் புகுத்தினாங்க, ஈ விஷத்தத் தின்னுச்சு, சாகல. மூணே மூணு மாற்றம்ங்க!

பூவப் பத்தி நிறைய வச்சிருந்தேன், நேரம் ஆயிடுச்சுன்னு கை காட்டுறாங்க, ஒண்ணு மட்டும். எருக்கம்பூ மகரந்தம் தூளா பறக்காது, சின்னச் சின்ன பொதியா இருக்கும், தேன் குடிக்க வர்ற பெரிய கருவண்டு மேல ஒட்டிக்கிட்டுதான் அடுத்த பூவுக்குப் போகும். நன்றி, வணக்கம்.