சொந்தக் காருக்கு ஸ்கேன் கருவி வாங்குமுன்

நேயர்களுக்கு வணக்கம். நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது டேஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் என்ஜின் படம் போட்ட விளக்கு எரியத் தொடங்கினால், ஓரம் கட்டி நிறுத்துவதா, ஊர் போய்ச் சேர்ந்தபின் பார்த்துக்கொள்வதா என்று திகைக்காதவர்கள் குறைவு. அந்த விளக்கு ஏன் எரிகிறது என்பதை வண்டியிடமே கேட்டுச் சொல்லும் ஸ்கேன் கருவிகள் இன்று யார் வேண்டுமானாலும் வாங்கும் விலைக்கு வந்துவிட்டன. பாலிடெக்னிக்கில் பல ஆண்டுகள் ஆட்டோமொபைல் பாடம் நடத்தியவன் என்பதால், எந்தக் கருவியை வாங்கலாம் என்று பழைய மாணவர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்பதுண்டு. உங்கள் வண்டி எது, எந்த ஆண்டில் வந்தது, அதனிடம் என்ன கேட்கப் போகிறீர்கள் என்று நான் அவர்களைத் திருப்பிக் கேட்பேன். இந்த மூன்றுக்கும் விடை தெரியாமல் வாங்கிய கருவி பெரும்பாலும் மேசை இழுப்பறைக்குள்தான் கிடக்கிறது.

முதலில் ஆண்டைப் பார்ப்போம். வண்டி தன் புகைக் கட்டுப்பாட்டு உறுப்புகளைத் தானே கண்காணித்து, பழுது தெரிந்தால் குறியீடாகப் பதிந்து வைக்கும் ஏற்பாட்டுக்கு ஓ.பி.டி. என்று பெயர். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து அதன் இரண்டாம் நிலை கட்டாயமாயிற்று. இந்தியாவில் வண்டிப் புகைக்கு வரம்பு வைக்கும் பி.எஸ். 4 விதியின் கீழ் 2010 ஏப்ரலில் முதல் நிலையும் 2013 ஏப்ரலில் இரண்டாம் நிலையும் வந்தன. 2020 ஏப்ரலில் நாடு முழுவதும் பி.எஸ். 6 நடைமுறைக்கு வந்தபோது இந்தக் கண்காணிப்பு இன்னும் கடுமையாயிற்று. ஆகவே 2013-க்குப் பிறகு வந்த கார் என்றால், ஸ்டீயரிங்குக்குக் கீழே கால் வைக்கும் பக்கமாக இருக்கும் 16 பின் சாக்கெட்டில் எந்தப் பொதுவான கருவியைச் செருகினாலும் என்ஜின் குறியீடுகளைப் படிக்கலாம் என்று பெரும்பாலும் நம்பலாம். அதற்கு முந்திய வண்டிகளில் அதே வடிவ சாக்கெட் இருந்தும், கம்பெனி தனக்கென்று வைத்துக்கொண்ட தகவல் முறையைப் பயன்படுத்தியிருப்பதால், பொதுக் கருவி இணையாமலே போகக்கூடும். சாக்கெட் பொருந்துகிறது என்பதை மட்டும் பார்த்துப் பழைய வண்டிக்குக் கருவி வாங்கிவிடாதீர்கள். அதே மாடல் வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அடுத்தது, என்ன கேட்கப் போகிறோம் என்பது. இதைத்தான் நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். குறியீட்டைப் படித்துவிட்டாலே பழுதைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று பலர் எண்ணுகிறார்கள். காய்ச்சல் 102 டிகிரி என்று தெர்மாமீட்டர் காட்டுவதற்கும், அது டெங்குவா டைபாய்டா என்று மருத்துவர் சொல்வதற்கும் எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரம் குறியீட்டுக்கும் பழுதுக்கும் நடுவே இருக்கிறது.

என் உறவினர் ஒருவருடைய பெட்ரோல் காரில் பி 0171 என்ற குறியீடு வந்தது. என்ஜினுக்குள் போகும் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பது அதன் பொருள். அவர் வண்டியை விட்ட ஒர்க்‌ஷாப்பில், கலவையைக் கணக்குப் பார்த்துச் சொல்வது ஆக்சிஜன் சென்சார்தானே என்று அதை மாற்றினார்கள். குறியீட்டை அழித்துக் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் விளக்கு மீண்டும் எரிந்தது. இன்னொரு சென்சாரையும் மாற்றினார்கள். மூன்றாம் முறை வண்டி என் வீட்டு வாசலுக்கு வந்தபோது, நான் குறியீட்டைப் பார்ப்பதை விட்டு, என்ஜின் ஓடும்போது சென்சார்கள் காட்டும் நேரடி அளவீடுகளைத் திறந்து பார்த்தேன். ஃபியூயல் டிரிம் என்று ஓர் அளவு உண்டு. கணக்குப்படி தெளிக்க வேண்டிய பெட்ரோலைவிட எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ என்ஜின் கம்ப்யூட்டர் தெளிக்கிறது என்பதை அது காட்டும்; நல்ல நிலையில் உள்ள என்ஜினில் 10 சதவீதத்துக்குள் இப்படியும் அப்படியும் இருக்கும். அந்த வண்டியில், ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் சும்மா ஓடும் ஐடிலிங்கில் 20-ஐத் தாண்டி நின்ற அளவு, ஆக்சிலரேட்டரை மிதித்து 2500 ஆர்.பி.எம்.முக்குக் கொண்டுபோனதும் மளமளவென்று இறங்கி இயல்புக்கு வந்தது.

இந்த ஒரு மாற்றமே போதுமானதாக இருந்தது. பெட்ரோல் பம்போ ஃபில்டரோ பலவீனமாக இருந்தால், என்ஜின் அதிகம் உழைக்க உழைக்கப் பற்றாக்குறை கூடும். டிரிம் ஏறியிருக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் குறைகிறது என்றால், எங்கோ ஒரு வெடிப்பு வழியாக ஏர்ஃப்ளோ சென்சார் அளக்காத காற்று உள்ளே புகுகிறது என்று பொருள். ஐடிலிங்கில் என்ஜின் இழுக்கும் காற்று சிறிதளவு என்பதால் திருட்டுக் காற்றின் பங்கு பெரிதாகத் தெரிகிறது. வேகம் கூடி உள்ளிழுக்கும் காற்று பெருகும்போது அதே கசிவு பொருட்டில்லாமல் போகிறது. தேடிப் பார்த்ததில், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் ஒன்று வெயிலிலும் சூட்டிலும் காய்ந்து, வளைவில் கீறல் விட்டிருந்தது. அதன் விலை மாற்றிய சென்சார்களின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. குறியீட்டை மட்டும் படிக்கிற கருவியை வைத்துக்கொண்டு இதை நான் கண்டுபிடித்திருக்க முடியாது.

ஆகவே வாங்கும் கருவி எதுவானாலும், நேரடி அளவீடுகளைக் காட்டுகிறதா, அவற்றை வரைபடமாகப் போடுகிறதா, பதிந்துவைக்க விடுகிறதா என்பவற்றை முதலில் பாருங்கள். அதற்கு அடுத்தபடி நான் மதிப்பது ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற வசதி. குறியீடு பதிந்த அந்தக் கணத்தில் வேகம் என்ன, கூலன்ட் சூடு என்ன, என்ஜின் எவ்வளவு சுமையில் இருந்தது என்பதை வண்டி ஒரு படம் பிடித்ததுபோல் சேமித்து வைத்திருக்கும். முதல் சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை, அதாவது மிஸ்ஃபயர் ஆகிறது என்று சொல்லும் பி 0301, கூலன்ட் 35 டிகிரியில் இருந்த காலை நேரத்தில் வந்ததா, 90 டிகிரியில் மலையேறும்போது வந்ததா என்று தெரிந்தால், தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். இன்னும் உறுதியாகாமல் காத்திருப்பில் உள்ள குறியீடுகளையும் கருவி காட்ட வேண்டும். விளக்கு எரிவதற்கு முன்பே அவை தெரியும். விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால் மட்டும், கருவியைத் தேடிக்கொண்டிருக்காமல் ஆக்சிலரேட்டரைத் தளர்த்திப் பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கான அறிகுறி அது.

சந்தையில் அதிகம் விற்பது புளூடூத் அடாப்டர்கள்தான். சாக்கெட்டில் செருகிவிட்டு, கைப்பேசியில் ஒரு செயலியைத் திறந்து பார்க்கலாம். இவற்றில் பெரும்பாலானவை இ.எல்.எம். 327 என்ற பெயரைத் தாங்கி வருகின்றன. அது கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் வடிவமைத்த சிப். சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பவற்றில் இருப்பதோ அதன் நகல். பதிப்பு 1.5 என்று பல நகல்கள் தங்களைச் சொல்லிக்கொள்கின்றன. அப்படி ஒரு பதிப்பை அந்த நிறுவனம் வெளியிட்டதே இல்லை. நகல் என்பதற்காக எல்லாம் குப்பை என்று நான் சொல்லமாட்டேன், எளிய வேலைக்கு ஒழுங்காக உழைக்கும் நகல்களும் உண்டு. ஆனால் பல நகல்களில் கட்டளைகள் பாதி இல்லை, நடுவில் இணைப்பு அறுந்துபோகும், நீண்ட தகவலை வெட்டிவிடும். எந்தெந்தக் கட்டளைக்கு அடாப்டர் பதில் தருகிறது என்று சோதித்துச் சொல்லும் இலவசச் செயலிகள் உள்ளன. வாங்கிய அன்றே சோதித்து, தேறாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய வகை புளூடூத் அடாப்டர்கள் பெரும்பாலும் ஐபோனோடு பேசாது. குறைந்த மின்சக்தி வகைப் புளூடூத்தோ வைஃபையோ உள்ள அடாப்டராகப் பார்த்து வாங்க வேண்டும்.

திரையும் ஒயரும் கொண்ட கைக்கருவி இவற்றைவிட விலை கூடுதல். ஆனால் கைப்பேசியோ இணையமோ செயலிச் சந்தாவோ இல்லாமல் எப்போதும் வேலை செய்யும். வீட்டில் வயதானவர்களும் வண்டி ஓட்டுகிறார்கள் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

என்ஜினோடு நில்லாமல் ஏ.பி.எஸ்., ஏர்பேக் ஆகியவற்றின் விளக்கு எரிந்தாலும் படிக்க வேண்டும் என்றால், பொதுக் கருவி போதாது. ஓ.பி.டி. விதி கட்டாயப்படுத்துவது புகையோடு தொடர்புள்ள தகவல்களை மட்டுமே. மற்றவை கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். அப்போது நூறு கம்பெனி வண்டிகளுக்கும் ஆகும் என்று அட்டையில் அச்சடித்த கருவியைவிட, உங்கள் ஒரு வண்டியை முழுமையாகப் படிக்கும் கருவியே மேல். ஃபோர்டு வண்டிகளுக்கு ஃபோர்ஸ்கேன், ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா வண்டிகளுக்கு வி.சி.டி.எஸ். என்று அப்படித் தனித்தனியாகவே மென்பொருள்கள் இருக்கின்றன.

பி.எஸ். 6 டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். புகைக் கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். வடிகட்டி, அவ்வப்போது 600 டிகிரி அளவுக்குச் சூடேறி அந்தக் கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு வருவது, ரயில் நிலையம் வரை போய் வருவது என்று ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓடும் வண்டியில் அந்தச் சூடு ஏறுவதில்லை. ஏறினாலும் எரிப்பு முடிவதற்குள் வண்டியை அணைத்துவிடுகிறோம். கரி சேர்ந்துகொண்டே போய், ஒரு நாள் என்ஜின் வேகம் எடுக்க மறுக்கும். கரி எத்தனை சதவீதம் சேர்ந்திருக்கிறது, கடைசி எரிப்பு எத்தனை கிலோமீட்டருக்கு முன் நடந்தது, இப்போது எரிப்பு நடக்கிறதா என்பவற்றைக் காட்டும் கருவியோ செயலியோ கையில் இருந்தால், சென்னையிலிருப்பவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செங்கல்பட்டைத் தாண்டி ஒரு சீரான ஓட்டம் ஓடிவிட்டு வந்தாலே பல நேரங்களில் அந்த வடிகட்டிக்கு ஆகும் செலவைத் தவிர்த்துவிடலாம். ஆனால் இந்த அளவுகள் பொதுக் குறியீட்டில் வருவதில்லை. உங்கள் மாடலுக்கு அந்தக் கருவி அவற்றைக் காட்டுகிறதா என்று விற்பவரிடம் செய்து காட்டச் சொல்லியே வாங்குங்கள்.

இதற்கு மேலே, வண்டிக்குக் கட்டளை இடும் கருவிகள் உள்ளன. பெட்ரோலையோ டீசலையோ தெளிக்கும் இன்ஜெக்டரின் அடையாள எண்ணை வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவது, ஸ்டீயரிங் கோணத்தைச் சரிசெய்வது, ஏ.பி.எஸ். பிரேக்கில் காற்று எடுப்பது போன்றவற்றை அவை செய்யும். தாமே பிரேக்கைக் கழற்றி மாட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு இவை உதவும். மற்றவர்கள் இதற்காகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. இப்படி வண்டியின் கம்ப்யூட்டரில் எழுதும் வேலை நடக்கையில் பேட்டரி சோர்ந்து பாதியில் நின்றுபோனால், வண்டியை ஏற்றிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டிய நிலை வரலாம். ஏர்பேக் குறியீடு வந்தால் படித்துத் தெரிந்துகொள்வதோடு நிறுத்துங்கள்; மஞ்சள் உறை போட்ட அந்த ஒயர்களைக் கழற்றிப் பார்க்கும் எண்ணமே வேண்டாம்.

எல்லாக் கருவியிலும் அழி என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் குறியீடு மட்டும் போவதில்லை. ஃப்ரீஸ் ஃப்ரேமும் போகும், பல வண்டிகளில் என்ஜின் கற்றுவைத்திருந்த ஃபியூயல் டிரிமும் போகும், ஒவ்வோர் உறுப்பையும் சோதித்து முடித்தாயிற்று என்று குறித்துவைக்கும் ரெடினஸ் பட்டியலும் முதலிலிருந்து தொடங்கும். மெக்கானிக்கிடம் போகுமுன் நீங்கள் அதை அழித்துவிட்டால், அவருக்குத் தடயம் எதுவும் மிஞ்சாது. அழிப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதியோ திரையைப் படம் எடுத்தோ வைத்துக்கொள்ளுங்கள். பழைய கார் வாங்கப் போகும்போது இதே ரெடினஸ் பட்டியல் உங்களுக்குத் துணை நிற்கும். விளக்கு எரியவில்லை, குறியீடும் இல்லை, ஆனால் பட்டியலில் பெரும்பாலானவை முடியவில்லை என்று காட்டினால், ஒன்று பேட்டரியை அண்மையில் கழற்றியிருக்க வேண்டும், அல்லது நீங்கள் வருவதற்குச் சற்று முன்புதான் யாரோ குறியீட்டை அழித்திருக்க வேண்டும். அந்த வண்டிக்கு அன்றே முன்பணம் கொடுக்காதீர்கள்.

வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். சாவியை எடுத்த பிறகும் 16-ஆவது பின்னில் பேட்டரி மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். இரண்டு மூன்று வாரம் நிற்கும் வண்டியில் அது பேட்டரியை இறக்கிவிடக்கூடும். வெளியாள் வண்டிக்குள் ஊடுருவும் பயமும் உண்டு. 2015-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள், காப்பீட்டுக்காக இந்தச் சாக்கெட்டில் செருகியிருந்த ஒரு கருவிக்குக் குறுஞ்செய்தி அனுப்பியே ஒரு காரின் பிரேக்கைத் தூரத்திலிருந்து இயக்கிக் காட்டினார்கள். நம் கையிலுள்ள மலிவு அடாப்டர்களில் பலவற்றுக்கு 1234 என்பதே கடவுச்சொல்.

கருவி வாங்கிய முதல் வாரத்தில், வண்டி நன்றாக ஓடும்போதே ஒரு முறை இணைத்துப் பாருங்கள். என்ஜின் சூடேறியபின் ஐடிலிங்கில் ஆர்.பி.எம்., கூலன்ட் சூடு, உடனடி, நீண்டகாலம் என்னும் இரண்டு ஃபியூயல் டிரிம், என்ஜின் ஓடும்போது பேட்டரி வோல்ட் ஆகியவற்றைத் தேதியும் ஓடிய கிலோமீட்டரும் போட்டு, சர்வீஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிவையுங்கள். பின்னாளில் ஏதாவது ஒன்று மாறி நிற்கும்போது, நீங்களும் உங்கள் மெக்கானிக்கும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அந்தப் பக்கம் இருக்கும். நன்றி, வணக்கம்.