எடுப்பதற்கு மட்டும் 20,000 சாட்ஸ்! | பிட்காயினை எங்கே வைப்பது, எப்போது எடுப்பது

வணக்கம் மக்களே! இந்த வாரம் ஹார்டுவேர் வாலெட், அதாவது பிட்காயினைச் செலவழிக்கும் ரகசியச் சாவியை வைத்திருக்கும் கருவிகளின் ஒப்பீடு வரும் என்று சொல்லியிருந்தேன். வராது, அடுத்த வாரம்தான். நேற்று எக்ஸ்சேஞ்சில், அதாவது பிட்காயின் வாங்கி விற்கும் தளத்தில், இருந்த பிட்காயினில் கொஞ்சத்தை என் வாலெட்டுக்கு எடுத்தேன். அதற்குப் பிடித்த கட்டணத்தைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவே இல்லை. புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆமாம், இந்தச் சேனலில் ஃபீ பற்றிய புலம்பல் அடிக்கடி உண்டு. பழைய ஆட்கள் இப்போது தலையில் அடித்துக்கொள்வீர்கள் என்று தெரியும். அடித்துக்கொள்ளுங்கள், நான் நிறுத்தப் போவதில்லை.

20,000 சாட்ஸ். சாட்ஸ் என்றால் சடோஷி, பிட்காயினின் சில்லறை. ஒரு பிட்காயினுக்குப் பத்துக் கோடி சடோஷி, அதில் வெறும் 20,000 தானே என்று தோன்றும். ஆனால் இது எவ்வளவு எடுத்தாலும் மாறாத கட்டணம். ஒரு முழு பிட்காயினை எடுத்தாலும் 20,000, ஒரு லட்சம் சாட்ஸை எடுத்தாலும் அதே 20,000. ஒரு லட்சம் எடுக்கிறவருக்கு ஐந்தில் ஒரு பங்கு வாசலிலேயே போய்விடுகிறது!

சரி, நெட்வொர்க் உண்மையில் எவ்வளவு கேட்டது? பிட்காயினில் ஃபீ என்பது அனுப்பும் தொகையைப் பொறுத்தது இல்லை. அந்த ட்ரான்ஸாக்‌ஷன் பிளாக்கில், அதாவது பிட்காயின் கணக்குப் புத்தகத்தின் ஒரு பக்கத்தில், எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதுதான் கணக்கு. பிசி1க்யூ என்று தொடங்கும் முகவரிகளில், ஒரு உள்ளீடும் (காசு வருகிற இடம்) இரண்டு வெளியீடும் (காசு போகிற இடம்) இருக்கிற சாதாரண ட்ரான்ஸாக்‌ஷன் ஏறக்குறைய 141 வெர்ச்சுவல் பைட். இடத்தை அளக்கும் அலகு அது, இனி வெறும் பைட் என்கிறேன். நேற்று மெம்பூல், அதாவது பிளாக்கில் ஏறக் காத்திருக்கும் வரிசை, காலியாகக் கிடந்தது, பைட்டுக்கு 2 சாட்ஸ் போட்டால் அடுத்த பிளாக்கில் ஏறிவிடும். 141ஐ இரண்டால் பெருக்குங்கள், 282 சாட்ஸ். என்னிடம் பிடித்தது 20,000.

இதோடு விட்டிருந்தால் இந்த வீடியோவே இல்லை. ட்ரான்ஸாக்‌ஷன் ஐடியை எடுத்து பிளாக் எக்ஸ்புளோரரில், அதாவது பிட்காயின் கணக்கை யாரும் பார்க்கக்கூடிய தளத்தில், போட்டுப் பார்த்தேன். பார்த்தால், எனக்கு மட்டும் தனியாக அனுப்பவே இல்லை. ஒரே ட்ரான்ஸாக்‌ஷனில் 40 முகவரிகளுக்குப் பட்டுவாடா, 41ஆவது அவர்களுக்கே திரும்பிப் போகிற மீதி. உள்ளீடுகள் மூன்றே மூன்று. மொத்தம் 1,485 பைட் சொச்சம், கட்டிய ஃபீ மொத்தமே 3,000 சாட்ஸுக்குள். தலைக்கு 74 சாட்ஸ் விழுகிறது. வசூல்? 40 பேரிடம் ஆளுக்கு 20,000, எட்டு லட்சம்! மூவாயிரம் செலவு, எட்டு லட்சம் வரவு. இதைச் சொல்லும்போது இப்போது சிரிப்பு வருகிறது. நேற்று ராத்திரி வரவில்லை.

கமெண்டில் என்ன வரும் என்று தெரியும். “அவர்களுக்கும் சர்வர் செலவு இருக்கிறது, ஆள் சம்பளம் இருக்கிறது, ஃபீ ஏறுகிற நாளில் கையிலிருந்து போடுகிறார்கள்.” இருக்கட்டும், அதை நான் மறுக்கவில்லை. 2024 ஏப்ரல் 20 ஞாபகம் இருக்கிறதா? நான்காவது ஹாவிங், அதாவது பிளாக்கை உருவாக்கும் மைனருக்குக் கிடைக்கிற புதுக் காசு பாதியாகிற நாள், 8,40,000ஆவது பிளாக். பிட்காயின் மேலேயே புது டோக்கன் உருவாக்கும் ரூன்ஸும் அதே பிளாக்கில் தொடங்கியது. மைனருக்குக் கிடைக்கிற புதுக் காசு 3.125 பிட்காயினாகக் குறைந்த அந்த பிளாக்கில், ஃபீயாக மட்டும் 37 பிட்காயினுக்கு மேல் விழுந்தது. அன்றைக்குப் பைட்டுக்குப் பல நூறு சாட்ஸ் கொடுத்தால்தான் வேலை நடந்தது. அப்படி ஒரு நாளில் 20,000 வாங்கினால் வாயை மூடிக்கொண்டு கொடுப்பேன். மெம்பூல் காலியாகக் கிடக்கிற நாளில் எதற்கு அதே விலை? ஏற்றும்போது இருக்கிற சுறுசுறுப்பு இறக்கும்போது காணோம். எனக்குப் பிடிக்காதது அதுதான்.

இதனால்தான் நிறையப் பேர் “எதற்கு எடுக்க வேண்டும், எக்ஸ்சேஞ்சிலேயே இருக்கட்டுமே” என்கிறார்கள். போன வீடியோவின் கீழே பாதிக் கமெண்ட் அதுதான், மீதிப் பாதி அவர்களைத் திட்டுகிறது. திட்டுகிறவர்களின் வசனம் உங்களுக்கு மனப்பாடம்: சாவி உன்னிடம் இல்லையென்றால் காசும் உன்னுடையது இல்லை. 2014 பிப்ரவரியில் மவுண்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்ச் திவாலானபோது காணாமல் போனதாகச் சொன்னது சுமார் 8,50,000 பிட்காயின். பிறகு 2 லட்சம் போலத் தேடிக் கண்டுபிடித்தார்கள். அதில் பணம் போட்டவர்களுக்கு மீதி பிட்காயினாகத் திரும்ப வரத் தொடங்கியதே 2024இல்தான். 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் எக்ஸ்சேஞ்சும் விழுந்தது. திரையில் பேலன்ஸ் அழகாகத் தெரியும், வித்ட்ரா பொத்தான்தான் வேலை செய்யாது.

எக்ஸ்சேஞ்சிலேயே இருக்கட்டும் என்கிற எதிர்க்கட்சிக்கும் ஆதாரம் இருக்கிறது. ஸ்டெஃபான் தாமஸ் என்ற புரோகிராமரிடம் 7,002 பிட்காயின். சாவி ஒரு அயர்ன்கீ யுஎஸ்பிக்குள், பாஸ்வேர்டு எழுதிய தாள் தொலைந்துவிட்டது. பத்து முறை தவறாகப் போட்டால் அந்த யுஎஸ்பி தானே பூட்டிக்கொள்ளும், எட்டு முறை தீர்ந்துவிட்டது என்று 2021இல் செய்தி வந்தது. எக்ஸ்சேஞ்ச் ஏதும் ஓடிப்போகவில்லை, ஹேக்கர் வரவில்லை, சாவி அவருடையதுதான்.

இந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. எத்தனை துண்டாக எடுத்தாய்? என் சண்டை முழுக்க அதைப் பற்றித்தான். வாலெட்டில் “இவ்வளவு பேலன்ஸ்” என்று ஒரே எண்ணாகக் காட்டினாலும் உள்ளே அது ஒரே குவியலாக இல்லை. பர்ஸில் இருக்கும் நோட்டுகள் மாதிரி, எந்தெந்தத் தொகையாக வந்ததோ அந்தந்தத் துண்டாகவே கிடக்கும். யுடிஎக்ஸ்ஓ என்பது இந்தத் துண்டுதான். திரும்பச் செலவழிக்கும்போது ஒவ்வொரு துண்டும் ஒரு உள்ளீடு, ஒவ்வொன்றும் 68 பைட். ஒரு துண்டாக எடுத்தவருக்கு 141 பைட். அதே தொகையைப் பத்துத் துண்டாக எடுத்தவருக்கு 752 பைட் சொச்சம். ஃபீ 2 சாட்ஸ் என்றால் 1,500, பரவாயில்லை. 100 சாட்ஸ் என்றால் 75,000! இவர் எக்ஸ்சேஞ்சுக்கு ஏற்கெனவே பத்து முறை 20,000 கட்டியவர்.

இதைவிட மோசம், 5,000 சாட்ஸ் துண்டு ஒன்று உங்களிடம் இருக்கிறது என்று வையுங்கள். ஃபீ 100 இருக்கிற நாளில் அதை அசைக்கவே 6,800 சாட்ஸ் ஆகும். உங்கள் காசுதான், சாவியும் உங்களிடம்தான், தொட்டால் நஷ்டம். “வாங்கிய அன்றே எடுத்துவிடு” என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற சேனல்கள் மேல் எனக்குக் கோபம் இதனால்தான். சின்னச் சின்னதாக வாங்குகிறவருக்கு அது சரியான யோசனை இல்லை. கட்டணம் எடுக்கும் தொகையில் ஒரு சதவீதத்துக்குள் வரும் வரை சேரட்டும், அப்புறம் ஒரே துண்டாக எடுங்கள். 20,000 கட்டணம் என்றால் 20 லட்சம் சாட்ஸ் சேர்ந்த பிறகு. அதுவரை எக்ஸ்சேஞ்சில் இருப்பது போனால் போகட்டும் என்று தாங்கக்கூடிய அளவா? அந்த அளவு ஆளுக்கு ஆள் வேறு. தாங்காது என்றால் ஒரு சதவீதக் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு இப்போதே எடுங்கள்.

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். பின்னால் போகிறேன், மன்னிக்கவும். எடுப்பதற்கு முன்னால் நான் செய்வது ஒன்று உண்டு, நேற்றும் செய்தேன். வாலெட்டில் முதல் ரிசீவ் முகவரியைத் தாளில் முழுசாக எழுதிக்கொள்வது. பிறகு வாலெட்டை ஃபேக்டரி ரீசெட் போட்டுத் துடைத்துவிட்டு, சீட் ஃப்ரேஸை, அதாவது வாலெட்டை மீட்கிற பன்னிரண்டு சொல்லை, மட்டும் வைத்து மீட்பது. அதே முகவரி திரும்ப வருகிறதா என்று எழுத்தெழுத்தாகப் பார்ப்பது. வாலெட் காலியாக இருக்கும்போதே இதைச் செய்யுங்கள், காசு ஏறிய பிறகு கை நடுங்கும். எழுதி வைத்த பன்னிரண்டு சொல் சரியா என்று காசு போட்ட பிறகு யோசிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

சொற்கள் என்றதும் ஞாபகம் வந்தது, அந்தச் சொற்களை அடித்து வைக்கும் எஃகுத் தகடு! கேட்டுக்கொண்டே இருந்தீர்களே, முடித்துவிட்டேன். இதோ. கேமராவுக்குப் பின்பக்கம்தான் காட்டுவேன், முன்பக்கம் கேட்காதீர்கள். எழுத்து அச்சை நிமிர்த்திப் பிடித்துச் சுத்தியலால் ஒரே அடி. இரண்டாவது அடி விழுந்தால் எழுத்து இரட்டையாகத் தெரியும். ஒரு வரிகூடக் கோணவில்லை மக்களே, ஒரு வரிகூட! சொல்லை முழுசாக அடிக்க வேண்டியதில்லை. சீட் ஃப்ரேஸ் சொற்கள் வருகிற பிஐபி39 பட்டியலில் இருப்பது 2,048 ஆங்கிலச் சொற்கள், எந்த இரண்டுக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றாக இருக்காது. நான்கு எழுத்து போதும், பன்னிரண்டு சொல்லுக்கு 48 அடி. மூன்றே எழுத்துள்ள சொல் வந்தால் நான்காவது கட்டத்தை வெறுமையாக விடுங்கள். இதைக் கண்டுபிடித்தவருக்குக் கோயில் கட்டலாம். அலுமினியம் மட்டும் வேண்டாம், தீப்பிடித்தால் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 1,400க்குப் பக்கம் வரை தாங்கும்.

சீட் ஃப்ரேஸைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று இன்னும் கேட்கிறீர்கள். கூடாது! கிளவுடுக்குத் தானாக ஏறுவது ஒரு பக்கம் இருக்கட்டும். 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி நிறுவனம் ஸ்பார்க்கேட் என்ற மால்வேரைப் பற்றி எழுதியது. கேலரியில் இருக்கும் படங்களை எழுத்துணரி வைத்துப் படித்து, அதில் சீட் ஃப்ரேஸ் இருக்கிறதா என்று தேடுகிற சாமான் அது. கூகுள், ஆப்பிள் இரண்டு ஸ்டோரிலும் அது ஒட்டிக்கொண்ட ஆப்கள் இருந்தன.

இன்னொருவர் ஆறு சொல்லை ஒரு இடத்திலும் ஆறை வேறு இடத்திலும் வைத்திருக்கிறாராம், பெருமையாக எழுதியிருந்தார். ஒரு பாதி திருடன் கையில் சிக்கினால் அவன் கண்டுபிடிக்க வேண்டியது 128 பிட் இல்லை, 62 பிட் (பிட் குறையக் குறைய ஊகிப்பது சுலபம்). ஒரு பாதி தொலைந்தால் அதே 62 பிட்டை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் அடி. பிரித்துத்தான் வைப்பேன் என்றால் மூன்றில் இரண்டு சாவி போதும் என்கிற மல்டிசிக் இருக்கிறது, அதற்குப் போங்கள்.

சின்னத் தொகைக்கு, பிட்காயின் மேல் ஓடுகிற வேகமான நெட்வொர்க்கான லைட்னிங் இருக்கிறதே என்று ஒரு கோஷ்டி. எனக்கும் லைட்னிங் ரொம்பப் பிடிக்கும், சில எக்ஸ்சேஞ்சுகள் அதில் எடுத்தால் பெயருக்குத்தான் பிடிக்கின்றன. ஆனால் அது நெட்டில் எப்போதும் இணைந்திருக்கும் ஹாட் வாலெட். கைச்செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், வருடக்கணக்கில் தூங்க வைக்க அது இடம் இல்லை.

முகவரியைப் பழைய ஹிஸ்டரியிலிருந்து காப்பி செய்யாதீர்கள், இதை மட்டும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் சில எழுத்தும் கடைசிச் சில எழுத்தும் உங்கள் முகவரி போலவே இருக்கிற ஒன்றைத் தயார் செய்து, அதிலிருந்து துளித் தொகை அனுப்பி ஹிஸ்டரியில் உட்கார வைக்கிறார்கள் திருடர்கள். எதீரியம், ட்ரான் என்ற மற்ற கிரிப்டோ நெட்வொர்க்குகள் பக்கம் இது அதிகம். ஹார்டுவேர் வாலெட்டின் திரையில் முகவரியின் நடுப்பகுதியையும் படியுங்கள்.

ஏற்கெனவே துண்டு துண்டாக எடுத்து வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். இந்த மாதிரி மெம்பூல் காலியான நாளில் எல்லாவற்றையும் உங்களுக்கே அனுப்பி ஒரே துண்டாக்கிக்கொள்ளலாம். பத்துத் துண்டுக்கு 722 பைட் வரும், 2 சாட்ஸில் 1,444. ஆனால் சேர்த்துவிட்டால் அந்தப் பத்து முகவரியும் ஒரே ஆளுடையது என்று பார்க்கிற எவனுக்கும் புரிந்துவிடும். அடையாளம் தெரிந்த எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்ததையும் யாரோ நேரில் கொடுத்ததையும் நான் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்க மாட்டேன். ஆர்பிஎஃப்பை ஆன் செய்துவிட்டு அனுப்புங்கள், சிக்கிக்கொண்டால் ஃபீயை ஏற்றி மறுபடி அனுப்பலாம்.

உங்கள் எக்ஸ்சேஞ்ச் எடுப்பதற்கு எவ்வளவு பிடிக்கிறது என்று கீழே சாட்ஸில் எழுதுங்கள். பெயர் வேண்டாம், சண்டை வந்துவிடும். ட்ரான்ஸாக்‌ஷன் ஐடியையும் போட்டுவிடாதீர்கள், உங்கள் முகவரி ஊருக்கே தெரிந்துபோகும். உள்ளீடு எத்தனை, வெளியீடு எத்தனை, பைட்டுக்கு எத்தனை சாட்ஸ், கட்டணத்தோடு இந்த மூன்றை எழுதினால் போதும். தலைக்கு 74 சாட்ஸை விடக் குறைவாக யாருக்காவது விழுந்திருந்தால் அதை அடுத்த வீடியோவில் முதலில் படிப்பேன். அப்புறம்தான் ஹார்டுவேர் வாலெட் ஒப்பீடு.